உடல் மெலிவிக்கும் ஊசியும் மலைநாட்டு மக்களும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, விடுதி வாழ்க்கையையும், மழையில் நனைந்து ஆடிய உதைபந்தாட்டங்களையும், காலஞ்சென்ற ஆசிரியப் பெருமக்களையும் பற்றியே நாம் எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். மருத்துவத் தொழிலிற் பல்லாண்டுகளை மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளிலே கழித்துவிட்ட நாம், சென்ற பழைய மாணவர் ஒன்றுகூடலிற் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு அன்று சொல்லாது விட்ட விடையை இங்கே எழுத விரும்புகின்றோம்.

அன்று மாலைத் தேநீர் வேளையில் எம்மைச் சூழ்ந்து நின்றோர் மூவர். ஒருவர் அட்டனிலே கடை நடத்துபவர். ஒருவர் தோட்டமொன்றின் அலுவலகத்திற் பணிபுரிபவர். மூன்றாமவர் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர். கனடா நண்பர் ஓராண்டுக்குள் 17 கிலோ குறைந்திருந்தார். மற்றை இருவரும் அவரது தோற்றத்தைக் கண்டு வியந்து, வாரம் ஒருமுறை அவர் போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றியே விசாரித்த வண்ணம் இருந்தனர். "டொக்டர் ஐயா, இந்த ஊசியை எனக்கும் எழுதித் தருவீர்களா? வயிறு கொஞ்சம் வற்றினாற் போதும்" என்றார் கடைக்கார நண்பர். அலுவலகத்து நண்பரோ, "எழுதித் தரவும் வேண்டுமா? கொழும்பிலே ஆளைப் பிடித்தாற் பார்சலில் அனுப்புகிறார்களாம்" என்றார். நாம் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினோம். அது தவறு என்பதை அன்றிரவே உணர்ந்தோம்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில் இத்தகைய கேள்வி எழுந்திருக்க முடியாது. லயத்துக் காம்பராவிற் பிறந்த பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் அதற்குக் கண்ணூறு படாமற் பொட்டு இட்டார்கள். மெலிந்தவனைக் கண்டால், நோயோ, வீட்டில் அரிசி இல்லையோ என்று இரங்கினார்கள். தோட்டத்தில் தராசு என்றால் அது கொழுந்து நிறுக்கும் தராசுதான். முழுப்பெயர் விழ 16 கிலோ எடுக்க வேண்டுமா, 18 கிலோ எடுக்க வேண்டுமா என்பதே பேச்சு. அக்கொழுந்தைச் சுமந்து வந்த தாயின் நிறை எவ்வளவு என்பதை, அவள் பிள்ளைத்தாய்ச்சியாய் இருந்த காலத்தில் மருத்துவமாது பார்த்ததன்றி வேறெவரும் பார்த்ததில்லை.

அந்தக் குறை இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டப் பகுதியிலோ அத்தொகை நூற்றுக்கு 32 ஆக இருந்தது. அதே வீடுகளிலேதான் பாட்டிக்குச் சலரோகம், மகனுக்கு இரத்த அழுத்தம், மருமகளுக்கு முழங்கால் நோவு. குன்றிய குழந்தையும் தொந்தி விழுந்த தகப்பனும் ஒரே அடுப்பில் ஆக்கியதை உண்பவர்கள். ஊசியைப் பற்றிய எமது விடை இந்த அடுப்பங்கரையிலேயே தொடங்குகின்றது.

இங்கிலாந்திலே சவுதாம்ப்டன் நகரப் பேராசிரியர் டேவிட் பார்க்கர் என்பார், குறைந்த நிறையுடன் பிறக்கும் குழந்தைகள் வளர்ந்தபின் இருதய நோய்க்கும் சலரோகத்துக்கும் மற்றவர்களிலும் அதிகமாக ஆளாகின்றனர் என்பதை 1980களின் பிற்பகுதி தொடக்கம் எடுத்துக் காட்டினார். தாயின் வயிற்றிற் பட்டினி கண்ட உடம்பு, கிடைத்ததைச் சேமித்து வைக்கப் பழகிவிடுகின்றது. பின்னாளில் உணவு தாராளமாகக் கிடைக்கும்போது அந்தப் பழக்கமே அதற்குப் பகையாகின்றது. இக்கருத்தை எம்மவர்க்கு மிக நெருக்கமாகக் கொண்டுவந்தவர் புனே நகரத்து டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக். இந்தியக் குழந்தைகள் ஆங்கிலக் குழந்தைகளிலும் நிறை குறைந்து பிறக்கின்றன. ஆயினும் குறைந்திருப்பது பெரும்பாலும் தசையே, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை என்று அவர் கண்டார். 2004ஆம் ஆண்டிலே தம் ஆங்கில நண்பர் ஜோன் யட்கின் என்பாரோடு சேர்ந்து நின்று எடுத்த ஒரு படத்தை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இருவருக்கும் உடற்றிணிவுச் சுட்டி ஒன்றே, 22.3. ஆங்கிலேயரின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக்கின் உடலிலோ 21.2 பங்கு. பார்வைக்கு மெலிந்தவர், உள்ளே கொழுத்தவர்.

மாணவர்களுக்காக ஒரு விளக்கம். உடற்றிணிவுச் சுட்டி என்பது கிலோவிற் கண்ட நிறையை மீற்றரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வரும் எண். 25க்கு மேற்பட்டால் நிறை அதிகம் என்பது மேனாட்டார் கணக்கு. ஆசிய மக்களுக்கு 23இலேயே எச்சரிக்கை தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இற் கூறியது. 148 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு தாய் 55 கிலோ நிறையுடையவளாயின் அவளது எண் 25ஐத் தாண்டிவிடும். அவளைப் பருத்தவள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். எம்மவர்க்குத் தராசைவிட அளவுநாடாவே நம்பகமானது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினால், குடலைச் சூழ்ந்து கொழுப்புச் சேர்ந்துவிட்டது என்று கொள்க.

இக்கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. காலையிற் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், பத்து மணிக்குச் சீனி கரைத்த தேநீர், பகலிலும் ரொட்டி, மாலையில் மறுபடியும் தேநீரும் பிஸ்கற்றும், இரவிற் சோறும் கிழங்குக் கறியும். மலையேறிக் கொழுந்தெடுக்கும் உடம்பு இதை எரித்துவிடும். மகன் அட்டனிலே கல்லாவில் உட்கார்ந்தாலும், கொழும்பிலே கடையில் நின்றாலும், முச்சக்கர வண்டி ஓட்டினாலும் ரொட்டியின் எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கரட்டும் லீக்ஸும் கோவாவும் நுவரெலியாவில் விளைந்து லொறி லொறியாகக் கீழே இறங்குகின்றன. அந்த லொறி கடந்து போகும் லயத்திலே மரக்கறி இன்றி ரொட்டி வேகின்றது.

இனி மருந்துக்கு வருவோம். உடலை மெலிவிக்கும் மருந்துகளின் வரலாறு நல்ல வரலாறன்று. முதலாம் உலகப் போர்க்காலத்திற் பிரான்சு நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனோல் என்னும் இரசாயனத்தோடு பழகிய தொழிலாளர் காய்ச்சல் கண்டு மெலிந்தனர், சிலர் இறந்தனர். 1933இல் அமெரிக்க மருத்துவர் சிலர் அதே பொருளை மெலிவு மருந்தாக அறிமுகஞ் செய்தனர். மெலிந்தது உண்மை. கண்ணிற் புரை விழுந்ததும், உடல் உள்ளிருந்தே வெந்து மாண்டதும் உண்மை. 1938ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அங்கே அதன் விற்பனை நின்றது. ஆயினும் இன்றுவரை கள்ளத்தனமாக விற்கப்பட்டு இளைஞர் உயிரைக் குடித்துவருகின்றது. ஐக்கிய இராச்சியம் 2023 ஒக்டோபரில் அதனை நஞ்சுப் பட்டியலிற் சேர்த்தது. பின்னர் வந்த அம்பெற்றமின் மாத்திரைகள் பசியை அடக்கி, உறக்கத்தைக் கெடுத்து, உண்டவரை அடிமையாக்கின. ஃபென்ஃபுளூரமின் இருதய வால்வுகளைப் பழுதாக்கியது கண்டு 1997இல் அகற்றப்பட்டது. ரிமொனபான்ற் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியமையால் 2008இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. சிபுற்றமின் 2010இல் நீங்கியது. ஒவ்வொன்றும் வந்த நாளில் அற்புதம் என்றே வரவேற்கப்பட்டது என்பதை மறத்தலாகாது.

இப்போது வந்திருக்கும் ஊசிகள் இவற்றினும் வேறானவை. நாம் உண்டதும் குடலிற் சுரந்து, "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஓர் இயற்கைச் சுரப்பு உண்டு. அது சில நிமிடங்களிற் சிதைந்துவிடும். அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் கிலா மொன்ஸ்டர் என்னும் நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் அச்சுரப்பை ஒத்ததும் நெடுநேரம் நிலைப்பதுமான பொருள் ஒன்று கண்டறியப்பட்டு, 2005இற் சலரோக மருந்தாக வந்தது. அதே வழியில் மனிதச் சுரப்பையே சிறிது மாற்றி அமைத்தது செமகுளுடைட். சலரோகத்துக்கு ஓசெம்பிக் என்ற பெயரில் 2017இலும், உடல் மெலிவுக்கு வெகோவி என்ற பெயரில் 2021இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டிர்செப்படைட் என்பது இரண்டு சுரப்புகளின் வேலையைச் செய்வது. மௌஞ்சாரோ என்ற பெயரில் 2022இல் வந்தது. பசி அடங்குகின்றது, இரைப்பை மெல்ல ஒழிகின்றது, உணவைப் பற்றிய ஓயாத நினைவு ஓய்கின்றது.

பலன் பெரிதே. 2021இல் வெளியான ஆய்வொன்றில், 1,961 பேரிற் செமகுளுடைட் பெற்றவர் 68 வாரங்களிற் சராசரியாக உடல்நிறையில் நூற்றுக்கு 14.9 பங்கு குறைந்தனர். வெற்றூசி பெற்றவர் 2.4 பங்கே குறைந்தனர். 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, முன்னரே இருதய நோய் கண்ட, நிறை மிகுந்த, சலரோகமில்லாத 17,604 பேரை ஆராய்ந்து, மாரடைப்பு, பாரிசவாதம், இருதய மரணம் ஆகியவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என்று காட்டியது. முந்தைய மருந்துகள் எவையும் இதைச் செய்ததில்லை.

ஆதலால், "வாயைக் கட்டத் தெரியாதவனுக்கு ஊசியோ" என்று ஏளனஞ் செய்வாரோடு நாம் உடன்படோம். இரத்த அழுத்தம் உடையவனை நோக்கி மனவுறுதியால் அதைக் குறைத்துக்கொள் என்று எவரும் சொல்வதில்லை. எம்மிடம் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 104 கிலோ நிறையுடையவர். சலரோகம் உண்டு, முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, உறக்கத்தில் மூச்சு அடைத்து விழிக்கிறார். விரதமும் பத்தியமும் அவர் இருந்து பாராததில்லை. இத்தகையோருக்கே இவ்வூசி அமைந்தது. அவருக்கோ அதை மாதந்தோறும் வாங்க ஓய்வூதியம் போதவில்லை.

அட்டன் நண்பரின் நிலை வேறு. ஒன்றுகூடல் முடிந்த மறுவாரம் அவரை வரவழைத்துப் பார்த்தோம். உயரம் 165 சென்ரிமீற்றர். நிறை 70 கிலோ. இடுப்பு 98 சென்ரிமீற்றர். வெறுவயிற்றுச் சீனி 118. சலரோகத்தின் வாயிலில் நிற்கிறார். நாம் மேலே கூறிய முதலாவது ஆய்விற் சேர்ந்தோரின் சராசரி நிறை 105 கிலோ என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 105 கிலோ உடம்பில் 15 கிலோ குறைவதும் 70 கிலோ உடம்பிற் 10 கிலோ குறைவதும் ஒன்றல்ல. ஊசியாற் குறையும் நிறையில் கால்பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத பகுதி, அதாவது பெரும்பாலும் தசை, என்று ஆய்வுகள் கூறுகின்றன. பிறப்பிலேயே தசை குறைந்த எம்மவர் உடம்பு இருந்த தசையையும் இழந்தால் எஞ்சுவது என்ன? தராசு மகிழ்ச்சியூட்டும், படியேறக் கால் இராது. இரத்தத்துச் சீனியை உறிஞ்சி எரிக்கும் உறுப்பும் தசையே அன்றோ?

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஒரு வருடத்திற்குள், குறைந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையைப்போல நீண்டகாலம் தொடர வேண்டிய மருந்து இது. நகையை அடகு வைத்து நான்கு மாதம் போட்டுக்கொண்டு, பணம் முடிந்ததும் விடுகின்ற காரியமன்று. 2024இல் விதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதனை 1,750 ஆக்கும் முன்மொழிவு 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. இச்சம்பளத்திற் குடும்பம் நடத்துவோர்க்கு இவ்வூசியைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருக்கின்றது. ஆயினும் அவர்கள் மக்கள் நகரங்களிற் சம்பாதிக்கிறார்கள். கலியாணத்துக்கு முன் மெலிய வேண்டும் என்று விரும்புகிறார்கள். அவர்களை நோக்கியே விளம்பரங்கள் பாய்கின்றன.

தீங்குகளைச் சற்று விரித்துச் சொல்லுதல் எம் கடமை. ஓங்காளம், வாந்தி, வயிற்றோட்டம், மலச்சிக்கல் ஆகியவை மிகப் பலருக்கு உண்டாகும். அளவை மெல்ல மெல்ல உயர்த்தினாற் பெரும்பாலும் தணியும். பித்தப்பையிற் கல் தோன்றலாம். கணைய அழற்சி அரிது, வந்தாற் பொல்லாதது, முதுகுக்குப் பாயும் கடும் வயிற்றுவலி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போதல் வேண்டும். கண் நரம்புக்கு இரத்தம் குன்றிப் பார்வை போதல் மிக மிக அரிதாக நிகழலாம் என்று ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் 2025இல் எச்சரித்தனர். தைரொயிட் சுரப்பியில் மெடுலறி என்னும் வகைப் புற்றுநோய் கண்ட குடும்பத்தினர் இதைத் தொடலாகாது. சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியருக்குச் சொல்லியே ஆகவேண்டும். வயிறு ஒழியாதிருந்தால் மயக்கத்தில் உணவு மூச்சுக்குழலுள் ஏறும்.

பெண்களுக்கு ஒன்று. பிள்ளைப்பேற்றை நாடுவோர் செமகுளுடைட்டை இரண்டு மாதங்களுக்கு முன்னரே நிறுத்த வேண்டும். டிர்செப்படைட் கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைக்கக் கூடியது. குறைந்த நிறையோடு பிள்ளைகள் பிறக்கும் பகுதியிலே, உண்ணாமல் மெலிந்த தாய் கருவுறுவாளாயின், நாம் முன்னே கூறிய பார்க்கரின் வட்டம் மறுபடியும் முதலிலிருந்து சுழலத் தொடங்கும்.

விரதம் பிடிப்போருக்கும் ஒன்று. கந்தசஷ்டியின் ஆறு நாளும் உபவாசம் இருப்போர் எம்மிற் பலர். கிளினிக்கிலே கிளிக்கிளசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ பெறும் சலரோகி இவ்வூசியையும் சேர்த்துப் போட்டு உபவாசமும் இருப்பாராயின், சீனி இறங்கி மயங்கி விழுதல் கூடும். வாந்தியால் நீர் வற்றிச் சிறுநீரகம் பழுதாதலும் கூடும். விரதத்துக்கு முன்னரே வைத்தியரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்க. முருகன் கோபிக்க மாட்டார்.

எல்லாவற்றினும் எமக்கு அச்சமூட்டுவது அலுவலகத்து நண்பர் சொன்ன பார்சல். போலிச் செமகுளுடைட் மூன்று நாடுகளிற் பிடிபட்டது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. இந்த ஊசிகள் மருந்தகத்தில் 2 முதல் 8 பாகை வரையிலான குளிரில் வைக்கப்பட வேண்டியவை. பெயரில்லாத பெட்டியில், பஸ்ஸிலே ஏறி, கினிகத்தேனை ஏற்றத்தை எஞ்சினுக்கு அருகே இருந்து கடந்து வந்த மருந்தின் கதியை வாசகர் எண்ணிப் பார்க்கட்டும். "மூலிகை" என்று சொல்லி விற்கும் மெலிவுத் தூள்கள் இன்னும் மோசம். 2010இல் அகற்றிய சிபுற்றமினே அத்தகைய தூள்களிற் கலந்திருந்தமை பல நாடுகளிற் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் பதினேழு வயது மாணவி ஒருத்தியைத் தாய் எம்மிடம் கொண்டுவந்தாள். அழகு நிலையமொன்றில் வாங்கிய, பெயர் எழுதாத மாத்திரைகளை விழுங்கியிருந்தாள். நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, மூன்று இரவு உறங்காதிருந்தாள். அவளது சுட்டியைக் கணக்கிட்டோம்: 21. குறைப்பதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை. வகுப்பிலே யாரோ "குண்டு" என்று அழைத்தார்களாம். இதை வாசிக்கும் மாணவர் சிலருக்கு இவ்விடத்திற் சுருக்கென்றால் நல்லது.

மாற்று வழி என்ன என்பார்க்குச் சென்னையிலே நடந்த ஒன்றைச் சொல்வோம். டொக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சலரோகத்தின் வாயிலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழமைபோல விடப்பட்டோரில் மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 55 பேருக்குச் சலரோகம் வந்தது. நாளும் அரைமணி நேரம் விரைந்து நடக்கவும், சீனியையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்து நார்ப்பொருளைக் கூட்டவும் அறிவுறுத்தப்பட்டோரில் 39 பேருக்கே வந்தது. மெற்ஃபோர்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. எம்மைக் கவர்ந்த செய்தி இதுவன்று. பயன் பெற்றோரின் நிறை பெரிதாகக் குறையவே இல்லை! தராசின் முள் நகராமலே நோய் விலகியது. மெலிந்தாலன்றி நலமில்லை என்று கலங்கும் எம்மவர் இதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

நிறையே குறைய வேண்டியோர்க்கும் வழியுண்டு. 2017இற் பிரித்தானியாவில் வெளியான ஆய்வில், சலரோகம் வந்து ஆறாண்டுக்குட்பட்டோர் சில மாதங்கள் மேற்பார்வையுடன் மிகக் குறைந்த உணவு உண்டனர். ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 46 பேர் மருந்தின்றியே சலரோக எல்லைக்குக் கீழே நின்றனர். வைத்தியரின் கண்காணிப்பின்றி இதை வீட்டிற் செய்து பார்க்க வேண்டாம். ஓர்லிஸ்ரற் என்னும் மாத்திரை உண்ட கொழுப்பில் மூன்றிலொரு பங்கைக் கழிவோடு அனுப்பும். பலன் சிறிது, சங்கடம் பெரிது.

அட்டன் நண்பருக்கு நாம் எழுதிக் கொடுத்தது மிகச் சாதாரணமானது. காலையில் நான்கு ரொட்டிக்கு இரண்டு; அவ்விரண்டிலும் பாதிக் குரக்கன் மா. சம்பலோடு ஒரு கிண்ணம் பருப்போ அவித்த கடலையோ; கூடுமானால் முட்டை. தட்டிற் பாதியை மரக்கறி நிரப்பட்டும். லீக்ஸும் கோவாவும் முருங்கையிலையும் வல்லாரையும் இவ்வூரிலே மலிந்தவை. தேநீரிற் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துவர, நான்காம் வாரம் நாக்கு மறந்துவிடும். நல்ல டிக்கோயாத் தேயிலைக்குச் சீனி இடுவதே அதற்கு இழுக்கு என்பது எம் கட்சி. சோடாப் போத்தல்களில் 2016 முதல் இடப்பட்டுவரும் நிறக்குறியைப் பார்க்கவும். சிவப்பென்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி. கடையிலிருந்து வீட்டுக்கு வண்டியில் ஏறாமல் ஏற்றத்தில் நடக்கவும். வாரத்தில் மூன்று நாள் நாற்காலியில் இருந்து கைகொடாமல் எழுந்தமர்தல், சுவரைத் தள்ளிப் பயிலுதல், நீர் நிரப்பிய போத்தலைத் தூக்குதல்: இவை தசைக்கு. ஆறு மாதம் கழித்து அவரது நிறை 67 கிலோ, இடுப்பு 91, சீனி 101. கனடா நண்பரின் 17 கிலோவுக்கு முன் மூன்று கிலோ எடுபடாது என்று அவர் குறைபட்டுக்கொண்டார். அவ்விருவர் உடம்பும் ஒன்றல்ல என்று மறுபடியும் விளக்கினோம்.

ஆசிரியை அம்மையாருக்கு இது போதாது. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டெம்பரில் இவ்வகை மருந்துகளை, சலரோகத்தோடு இருதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, உடல்பருமனும் உள்ளவர்களுக்காக, அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. இந்தியாவிற் செமகுளுடைட்டின் காப்புரிமை 2026 மார்ச்சு மாதத்தோடு முடிவதால் மலிவான தயாரிப்புகளுக்கு வழி திறக்கின்றது. இலவச வைத்தியம் உள்ள எம் நாட்டிலே, மிகத் தேவைப்படுவோர்க்கு அரசினர் கிளினிக்குகளின் வழியே இது கிடைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. 70 கிலோக் கடைக்காரர் பணம் கொடுத்து வாங்கவும், 104 கிலோ ஆசிரியை பார்த்து நிற்கவும் நேருமாயின் மருந்து வந்த பயன் தலைகீழாகும். அலுவலகத்து நண்பரைப் போன்றோர் பார்சலைத் தேடுமுன், 2011 தொடக்கம் அரசினர் வைத்தியசாலைகளில் நடந்துவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களுக்கு ஒருமுறை செல்லுதல் நன்று. 35 வயது கடந்தோரின் நிறையையும் அழுத்தத்தையும் சீனியையும் அங்கே காசின்றிப் பார்க்கிறார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எம் நெடுநாட் குறை.

எமது சங்கச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கின்றோம். கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையிற் சிவப்புக் குறியிட்ட பானங்கள் விற்கப்படலாகாது; அவித்த கடலையும் பழமும் அவ்விடத்தைப் பிடிக்கட்டும்; அதனால் ஒப்பந்தக்காரருக்கு ஏற்படும் நட்டத்தை முதலாண்டிற் சங்கம் ஏற்கட்டும். உதைபந்தாட்ட அணியில் இடம் பெறாத மாணவருக்கும் மைதானம் வாரம் இரு நாள் திறந்திருக்கட்டும்; இன்று பதினொருவர் ஓட எழுநூறு பேர் நின்று கைதட்டுகிறோம். நிறை பார்க்கும் நாளில் எந்த மாணவனின் நிறையும் வகுப்பில் உரக்க வாசிக்கப்படலாகாது. அடுத்த ஒன்றுகூடலிலே தேநீர் மேசைக்கு அருகில் அளவுநாடா ஒன்றோடு நாம் நின்றிருப்போம். அட்டன் நண்பர் முதலாவதாக வருவதாக வாக்களித்துள்ளார்.